நாலு சீட்டு இருந்த இடம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பக் காத்திருந்த காலை ரயிலில், கதவோரம் நான்கு இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் நின்றபடி அவள் தோழி. இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அட்டை. இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்த பெரியவர் முணுமுணுத்தார்.

"நாலு மெத்தை சீட்டு இருந்துச்சு. புடுங்கிட்டாங்க."

"எனக்காகத்தாங்க புடுங்குனாங்க!" என்றாள் நாற்காலிக்காரி. "நேத்து வரைக்கும் மூணு பேரு தூக்கி ஏத்துவாங்க. இன்னிக்குச் சாய்வுப் பலகை மேல உருட்டிக்கிட்டு நானே ஏறிட்டேன்."

"ஏறுனதுலேர்ந்து பத்து தடவை சொல்லிட்டா," என்றாள் தோழி.

"இன்னும் சொல்லுவேன்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, என் இடுப்புக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் உடனே எதிர் இருக்கையைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணா, போன் பாக்குற அண்ணா! கொஞ்சம் எந்திரிங்க, இவருக்கு இடுப்பு வலி."

போன் பார்த்தவர் வெட்கத்தோடு எழுந்தார், பெரியவர் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு?" என்றாள் தோழி.

"மடியில உக்காரு, வா."

அவளும் உட்கார்ந்துவிட்டாள். ரயில் குலுங்கிக் கிளம்ப, நாற்காலி மெல்ல உருண்டது.

"அடியே, பிரேக் போடலையா?"

"சந்தோசத்துல மறந்துட்டேன்டி!"

இருவரும் அலறிச் சிரித்தார்கள். பெரியவர் எட்டி நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"புடிச்சுட்டேன். நீங்க சிரிங்க."