வாப்பாவின் காதோரப் புண்

ஓடுகிறோம். மிளகுத் தோட்டத்துக்குள். திங்கட்கிழமை, பகல் இரண்டேகால். எங்கள் தகரக் கூரையில் கல் விழுகிறது. முதலில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. கண்ணாடி நொறுங்குகிறது. அதன்பின் பெற்றோல் பற்றும் சத்தம். ஒரே தடவை. 'பொக்'.

"ஓடு மகள்! பின்னால பாக்காத, ஓடு!"

வாப்பாவின் குரல். மாட்டை அவிழ்த்துவிட அவர் பின்தங்கிவிட்டார். கன்றை அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்த கல் அவருடைய இடது காதுக்குப் பின்னால் பட்டது. எறிந்தவனைப் பார்த்தேன். ஏழு வருடம் எங்களிடம் பால் வாங்கியவன்.

என் பெயர் பரீதா. கண்டிப் பக்கம், தெல்தெனியவுக்கு மேலே எங்கள் வீடு. முன்னால் சின்னக் கடை, பின்னால் மாட்டுப்பட்டி. உம்மா மௌத்தான பிறகு நானும் வாப்பாவும் மட்டும்தான். அந்த வாரம் முஸ்லிம் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடி எரித்தார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேரியக்கா வீடு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், தனியாக இருப்பவர். கதவைத் திறந்தார். வாப்பாவின் சட்டையில் இரத்தம்.

"உள்ள வாங்க. சத்தம் போடாதீங்க."

தன் சேலையைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார். தன் சேலையைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அது எங்களுக்கு மட்டும். கல் வைத்திருந்தவர்கள் வீதியில்தான் நின்றார்கள். சத்தம் கேட்டது.

செவ்வாய். ஈக்கள். ஆட்டுப் புழுக்கையிலிருந்து கிளம்பி வாப்பாவின் காயக்கட்டின் மேல் வந்து உட்காருகின்றன. விசிறுகிறேன். கை ஓய்ந்தால் திரும்ப வருகின்றன. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதற்கான மருந்துக் குளிசைகள் வீட்டோடு எரிந்துவிட்டன.

புதன். நாற்றம். காய்ச்சல்.

"காதுக்குள்ள என்னமோ ஊருது மகள்."

காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கே கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழன் காலை ஏழு மணி. கட்டை அவிழ்த்தோம். புண் அசைகிறது. வெள்ளைப் புழுக்கள். தலையைச் சதைக்குள் புதைத்து வாலை மட்டும் வெளியே விட்டிருக்கின்றன. தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். மேரியக்கா எடுக்கவில்லை. ஆட்டில் பார்த்துப் பழகியவர். ஆட்டுக்குப் போடும் டர்பன்டைன் போத்தலைக் கையில் எடுத்தார். திரும்ப வைத்தார்.

"இது மனுசன் காதும்மா. ஊத்தக்கூடாது."

புருவம் பிடுங்கும் சாவணத்தைச் சுடுநீரில் போட்டு எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் போட்டார். நான் டோர்ச் பிடித்தேன். முப்பத்தொன்று. அதற்கு மேல் உள்ளே எட்டவில்லை. வாப்பா கத்தவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல் பதிந்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

"ஊர் மாட்டுக்கெல்லாம் புழுவுக்கு மருந்து போட்டவன் நான். இப்ப எனக்கே வந்தீக்குது," என்றார்.

மேரியக்கா ஒரு தடியில் வெள்ளைத் துணி கட்டினார். ஊரடங்குக்குள் வீதியில் இறங்கினார். சந்தியில் ஆமிக்காரர்கள். "சுட வேணாம்! நோயாளி! நோயாளி!" அவர் சிங்களத்தில் கத்தியது விறகு அறை வரைக்கும் கேட்டது. பதினொன்று நாற்பதுக்கு ஜீப் வந்தது.

கண்டி. ஆஸ்பத்திரி. மேலும் நாற்பத்தாறு புழுக்களை எடுத்தார்கள். டொக்டர் கேட்டார். "ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?" பக்கத்துக் கட்டில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு கட்டில் கேட்டார். கல்லெறிந்தவனைக் கண்டு இந்த நாட்டில் யாராவது மூக்கைப் பொத்தியிருக்கிறார்களா?

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு வாப்பா மௌத்தானார். இரத்தத்தில் கிருமி, சீனி வருத்தம். மரணப் பத்திரத்தில் அவ்வளவுதான். கல் என்ற சொல் இல்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனேன். சுவர்கள் நிற்கின்றன. கரிந்த கொய்யா மரத்தடியில் எங்கள் சிவப்புப் பசு நிற்கிறது. யாரோ தொடையில் வெட்டியிருக்கிறார்கள். அதிலும் அதே புழு. மிருக வைத்தியர் வந்தார். "இந்த ஈ உயிரோடு இருக்கிற சதையைத்தான் தேடி வரும்," என்றார். ஊசி போட்டார். நீல மருந்து அடித்தார். இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்பில் இல்லை. ஆத்திரத்தில்.

பிறகு ஓர் அலுவலர் சேத விபரம் பதிய வந்தார். பசுவின் தழும்பைப் பார்த்தார். 'காயப்பட்ட கால்நடை, ஒன்று' என்று எழுதினார். நான் வாப்பாவின் பெயரைச் சொன்னேன். பேனா நின்றது.

"அவர் ஆஸ்பத்திரியில வருத்தத்தில இறந்தவர் தானேம்மா. இதுல போட ஏலாது."

மாட்டுக்கு இடம் இருந்தது. வாப்பாவுக்கு இல்லை. அதனால்தான் பேசுகிறேன். எல்லாம் மறந்து ஒற்றுமையாக இருப்போம் என்று மேடையில் சொல்கிறார்கள். இருங்கள். முதலில் இதைக் கேட்டுவிட்டு இருங்கள்.

வீடு ஒன்று. கடை ஒன்று. உம்மாவின் அலுமாரி, அதற்குள் அவருடைய துணிகள் எல்லாம். கோழி ஒன்பது. கன்று ஒன்று, கட்டிய கயிற்றோடு. மனிதர் ஒருவர். முகம்மது சாலிஹீன். வயது அறுபத்தெட்டு.