கல்லிடம் உரக்கச் சொன்னது

கப்பலைப் பிடிக்க ஓடுகிறோம். ஒரு செருப்பு துறைமுகத் தெருவிலேயே போய்விட்டது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர். விமான நிலையத்துப் பக்கம் குண்டு விழுகிறது. முதலில் விசில். அப்புறம் சத்தமே இல்லாத ஒரு கணம். அப்புறம் தரை ஆடுகிறது.

“குந்து! குந்து புள்ள! தலையத் தூக்காத!”

கத்துவது என் வீட்டுக்காரர், மாணிக்கம். குந்தினேன். எழுந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. வந்த வழியே வீட்டுக்கு நடந்தோம். மறுநாள், 1975 ஏப்ரல் 30. வடக்கு வியட்நாமின் டாங்கிகள் ஊருக்குள் வந்தன. குண்டுச் சத்தம் நின்றது. பிழைத்துக்கொண்டோம் என்று அடுப்பு மூட்டினேன்.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணம் கட்டிக்கொண்டு சைகோன் வந்தவள். அவருடைய அப்பா காரைக்கால், அம்மா வியட்நாம்காரி. அதனால் பழைய அரசாங்கம் அவரைப் பட்டாளத்தில் இழுத்துப் போட்டது. லெப்டினன்ட். பேர்தான் பெரிது. டைப் அடிக்கிற வேலை. துப்பாக்கி பிடித்துக் கறுத்த கை இல்லை அது, ரிப்பன் மாட்டிக் கறுத்த கை.

ஜூன் மாதம். தெருமுனை ஒலிபெருக்கி சொல்கிறது. பழைய பட்டாளத்தின் சின்ன அதிகாரிகள் பாடம் படிக்க வர வேண்டும். பத்து நாள் சாப்பாட்டோடு வர வேண்டும். பத்து நாள் அரிசி கட்டினேன். மேலே ஒரு பிடி போட்டேன். அந்தப் பிடியை அவர் எடுத்துத் தகர டப்பாவில் திரும்பக் கொட்டினார்.

“பத்து நாள்தான புள்ள. நீ என்னத்தத் திம்ப?”

போனார். பத்து நாள் முடிந்தது. வரவில்லை. மழைக்காலம் முடிந்தது. அடுத்த மழையும் வந்தது.

யாரிடம் கேட்பது? தெருவில் மூன்று பேர் நின்று பேசினால் என்ன பேச்சு என்று கேட்பார்கள். தெருக் கூட்டத்தில் அதிகாரிகள், உங்கள் ஆண்கள் நன்றாகப் படிக்கிறார்கள், நீங்கள் நன்றியோடு இருங்கள் என்றார்கள். நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன். கை வலிக்கவில்லை. எதுவுமே வலிக்காத காலம் அது.

‘பென் தான்’ என்கிற பெரிய சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். சந்நிதிக்குப் பின்புறச் சுவரில் கல். வியட்நாம் பெண்கள் அந்தக் கல்லில் நெற்றியை வைத்து, வேண்டியதை அம்மனிடம் கிசுகிசுப்பார்கள். நம் ஊரில் இல்லாத பழக்கம். அம்மன் என்ன டெலிபோனிலா இருக்கிறாள் என்று புதிதில் கேலி செய்திருக்கிறேன். இப்போது நானும் வரிசையில் நின்றேன். ஊரிலேயே வாய் திறக்க மிச்சமிருந்த இடம் அந்தக் கல்தான்.

அதையும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒருநாள் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் பச்சைத் தொப்பி போட்ட வட்டார அதிகாரி. காலையில் வருவான், மத்தியானம் வரை உட்காருவான். பெண்கள் கல்லில் நெற்றியை வைத்து உதட்டை மட்டும் அசைத்தார்கள். அப்புறம் உதட்டையும் அசைக்கவில்லை. பயந்து செத்தோம். அதுதான் உண்மை.

வரிசையில் எனக்கு முன்னால் மாய். சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவள். தெருக்கோடி வரை கேட்கிற குரல். அவள் புருஷன் துங்கும் பத்து நாள் சாப்பாட்டோடு போனவர்தான். அன்று அவள் நெற்றியைக் கல்லில் வைத்தாள். துணி விலை கூவுகிற அதே குரலில் கேட்டாள்.

“அம்மா! என் பேரு மாய்! என் புருஷன் பேரு துங்! பத்து நாள்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க! எங்க வச்சிருக்காங்க?”

“மெதுவா! மெதுவாப் பேசு!”

அதட்டிக்கொண்டே அதிகாரி எழுந்துவிட்டான். நாற்காலி சாய்ந்தது. மாய் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மனிடம் பேசுகிறவளை என்ன செய்வது என்று அவனுக்குச் சட்டென்று தெரியவில்லை. அந்த இடைவெளியில் என் முறை.

எனக்கு இழக்க ஒன்று இருந்தது. இந்தியர்களை ஊருக்கு அனுப்பும் விமானப் பட்டியலில் என் பெயர் சேர்ந்திருந்தது. வம்பில் மாட்டியவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நெற்றியை வைத்தேன். கல் ஈரமாக இருந்தது, மாயின் வேர்வை. தமிழில் கத்தினேன். “தாயே, எம் புருஷன் மாணிக்கம், எங்க தாயே வச்சிருக்காங்க?” அவனுக்கு ஒரு சொல்லும் புரியாது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். விமானத்திலும் ஏறியிருக்கலாம்.

மாய் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நெற்றியை எடுக்காமல், அதையே வியட்நாம் மொழியில் திரும்பக் கத்தினேன். என் பெயர். அவர் பெயர். எங்கே. எனக்குப் பின்னால் நின்றவளும் கத்தினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும்.

மாய் அன்றே கைதானாள். என் பெயரை விமானப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். பின்சுவரை மூட்டை அடுக்கி மறைத்தார்கள். ஆனால் கேள்வி வெளியே வந்துவிட்டது. அடுத்த தெருக் கூட்டத்தில் நாங்கள் கை தட்டவில்லை. ஒருத்தி எழுந்தாள். பெயர் சொன்னாள். எங்கே என்றாள். அடுத்தவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். அடுத்த கூட்டத்திலும் எழுந்தோம். அதற்கடுத்ததிலும். கடைசியில் பதில் வந்தது. ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். சிலருக்கு முகாமின் பெயர். போய்ப் பார்க்க அனுமதி. துங் உயிரோடு இருந்தார். கேட்க மாய் அங்கே இல்லை.

மாணிக்கம். காய்ச்சல். போன வருஷம், முதல் மழைக்காலத்திலேயே.

நான் கல்லில் கத்தியபோது அவர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

மூட்டைகளை ரொம்ப காலம் கழித்து எடுத்தார்கள். இன்றைக்கு அந்தச் சந்தைப் பக்கம் வருகிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காகக் கணக்குச் சொல்கிறேன். புருஷன், ஒருவர். உடல் தரவில்லை. விமானத்தில் இடம், ஒன்று. மாயின் கடை. மாயின் குரல். வெளியே வந்தபிறகு அவள் கிசுகிசுத்துத்தான் பேசினாள், சாகும்வரை. செருப்பு, ஒரு கால். அரிசி, பத்து நாளுக்கு. அதில் எத்தனை நாள் அவர் சாப்பிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அதை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உரக்கத்தான்.