இடது கையால் எழுதிய கடுதாசி

"…அதாங்க, பொணம் எப்ப செத்துச்சுன்னு கண்டுபுடிக்க ஒரு படிப்பு. அதுக்கு மூணு வருஷம். செத்தவன் செத்துட்டான். காலீல செத்தா இன்னா, சாயங்காலம் செத்தா இன்னா? எழுந்து வந்து பஸ்ஸு புடிக்கப் போறானா? ஊட்ல அயுதுகினு கீற பொம்பளயக் கேட்டா சொல்லிட்டுப் போறா…"

வேலப்பன்சாவடி தாண்டி, அந்தக் கல்லூரியின் அட்மிஷன் ஆபீஸ் வராந்தாவில் முனியன் சொல்லிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் தகடு வெட்டும் பிரஸ் மெஷினோடு கத்திப் பேசியே பழகிய குரல். மெதுவாகத்தான் பேசுகிறோம் என்று அவர் நினைத்தார். வராந்தாவின் அந்தக் கோடி வரை கேட்டது.

பக்கத்து நாற்காலிக்காரர் பெயர் வேலுசாமி. ஐயப்பன்தாங்கலிலிருந்து மகளைச் சேர்க்க வந்தவர். மகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். பெயரையும் ஊரையும் தவிர வேறெதையும் சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

"உங்க பொண்ணு இன்னாத்துக்கு சேருது… இதுக்கேவா? போச்சு. உக்காருங்க சார், இன்னாத்துக்கு எழுந்துக்குறீங்க. உங்க டோக்கன் இன்னா, நாப்பத்தொண்ணா? இப்பதான் இருவத்தெட்டு ஓடுது. நல்லவேள என்னியப் பாத்தீங்க. எம்பொண்ணு மதிவதனி இங்கதான் மூணாவது வருஷம். ஃபாரன்சிக்கு. தடயவியலாம். பேரு மட்டும் நல்லாத்தான் வெச்சிக்கீறானுங்க.

"மொத வருஷம் கைரேக. ஊட்ல ஒரு டம்ளர் உடல சார். பவுடரத் தூவி பிரஷ்ஷால தடவித் தடவி, என் கட்ட வெரல்ல சுழி கீதுன்னு கண்டுபுடிச்சா. அதுக்கு ஒரு வருஷம். கொழந்த தலைல எத்தினி சுழின்னு கேட்டா மருத்துவச்சி ஒரு நொடில சொல்லுவா, அவ எந்தக் காலேஜ்ல படிச்சா?

"ரெண்டாவது வருஷம் ஈ. ஆமா சார், ஈ. ஞாயித்துக்கெழம அர கிலோ கறி எடுத்துகினு வந்தா ஒரு துண்டு ஈக்கு. பாட்டில்ல போட்டு மொட்ட மாடில வெச்சி, புழு எத்தினி நாள்ல எவ்ளோ நீளம் ஆவுதுன்னு ஸ்கேல் வெச்சி அளக்குறா. கீழ் போர்ஷன்காரன் ஓனராண்ட போயி சொல்லிட்டான், மேல இன்னாவோ செத்து நாறுதுன்னு. 'அது ஆராய்ச்சிப்பா'ன்னு என்னாண்ட சொல்றா. நாறுறதுக்குப் பேரு ஆராய்ச்சி.

"எங்க சொந்தக்காரனுங்க ஒவ்வொருத்தனும் கேக்குறான், முனியா, உம்பொண்ணு டாக்டரான்னு. நானும் ஆமா மாரியும் இல்லாம இல்ல மாரியும் இல்லாம தலய ஆட்டிகினு வந்துட்டேன். நர்சுக்குப் படிடீன்னேன். கேக்கல. பேங்கு பரீட்ச எய்துன்னேன். கேக்கல. இப்ப இன்னா ஆச்சு பாருங்க. வர்ற திங்கக்கெழமலேர்ந்து பத்து நாளு, கவர்மெண்டு ஆஸ்பத்திரி பொணக்கெடங்குல போயி நின்னு பாக்கணுமாம். பாத்து நோட்ல எய்தணுமாம். அதுக்கு அப்பன் கையெய்த்து போட்டுக் குடுக்கணும். இன்னிக்குக் கடேசி நாளு."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான்காக மடித்த பாரம் உள்ளேதான் இருந்தது. வேலுசாமி ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"அதான் சொல்லிகினு வரேனே. நடுவுல எவனோ ஒருத்தன் மொட்டக் கடுதாசி போட்டுட்டான் சார், இங்க கீற எச்சோடி மேடத்துக்கு, இந்த டிபார்ட்மெண்டுக்கே தலைவியாம். இந்தப் பொண்ணு நடத்த சரியில்ல, ஒரு பையன் கூட பைக்ல சுத்துது, இத ஆஸ்பத்திரிக்கெல்லாம் அனுப்பாதீங்கன்னு. மொட்டக் கடுதாசின்னா இன்னா பண்ணணும்? கெழிச்சிப் போடணும். இல்லியா, பெத்தவனக் கூப்ட்டு காட்டணும். இந்தம்மா இன்னா பண்ணாங்க தெரியுமா? பேரு வர்ற எடமெல்லாம் மை பூசி மறச்சிட்டு, ஜெராக்ஸ் போட்டு, கிளாஸ்ல முப்பது புள்ளைங்களுக்கும் குடுத்துட்டாங்க. இத எய்துனவன் எப்பேர்ப்பட்டவன்னு கண்டுபுடிங்கன்னு. பாடமாம். ஒருத்தன் வயிறு எரிஞ்சி எய்துனது இவங்களுக்குப் பாடம்.

"முப்பதுல இருவத்தொம்போதும் ஒண்ணும் கண்டுபுடிக்கல. பொம்பள கையெய்த்துன்னு ஒருத்தன் எய்தினானாம், கேளுங்க. எம்பொண்ணு மட்டும் புட்டுப் புட்டு வெச்சிட்டா. எய்துனவரு சோத்தாங் கைக்காரரு, பீச்சாங் கையால எய்திக்கீறாரு. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல. லைய பழைய மாரி எய்துறாரு, முன்னாடி யானத் துதிக்க மாரி வளைஞ்சி வருமே, அந்த லை. பெரிய கிளாஸ் போவல, ஆனா வாத்தியாராண்ட அடி வாங்கி ஒயுங்கா எய்தக் கத்துகினவரு. முழு மார்க்கு. மேடம் எல்லாரு முன்னாடியும் கை தட்டுனாங்களாம். இன்னா பெரிய கண்டுபுடிப்பு. ஆவடில போயி தபால் டப்பால போட்டா முத்திர வேற ஊரு வுழும்னு நான் அவ்ளோ தூரம் ஷேர் ஆட்டோல…"

முனியன் நிறுத்தினார். காலையிலிருந்து அவர் பேச்சு நின்றது அப்போதுதான். வேலுசாமி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

முனியன் தரையைப் பார்த்தார். தன் வாயிலிருந்து வந்துவிட்டது என்பது தெரிந்தது. திரும்ப எடுக்கவும் அவருக்குத் தெம்பில்லை. எட்டு நாளாக வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்தது அது.

"நாந்தான் சார்" என்றார். இந்த முறை குரல் உண்மையிலேயே மெதுவாக வந்தது. "வேற எவன் எய்துவான். நானே வேணாம்னா ஏன்னு கேப்பா, மொட்டயா எய்துனா மேடமே அனுப்பாம வுட்டுருவாங்கன்னு எய்துனேன். பையன், பைக்கு எல்லாம் சும்மா சேத்தது. அப்படி எய்துனாதான பயப்படுவாங்க.

"அவ கிளாஸ்லயே புரிஞ்சிகினா. யாராண்டயும் சொல்லல. ஊட்டுக்கு வந்து இந்தப் பாரத்தக் குடுத்து, நம்ம அட்ரஸ் மட்டும் எய்துப்பான்னா. நானும் எய்துனேன். திருமுல்லைவாயில்னு எய்துனா நடுவுல லை வருதே சார். அது பக்கத்துல ஜெராக்ஸ வெச்சா. அயுவல. சண்ட போடல. 'எந்தப் பையன் கூடப்பா நான் பைக்ல சுத்துனேன்'னு கேட்டா. அவ்ளோதான். எங்க ஊட்டம்மா பொன்னி நடுவுல வந்து நின்னுகினு என்னியும் பாக்குறா அவளயும் பாக்குறா. நான் இன்னா சொல்லுவேன்? 'அனுப்ப வேணாம்னா நீயே வந்து மேடமாண்ட உம்பேரச் சொல்லி சொல்லு'ன்னா எம்பொண்ணு. அன்னிலேர்ந்து எங்கிட்ட ஒரு பேச்சு கெடயாது.

"இன்னாத்துக்கு எய்துனேன்னு கேக்குறீங்களா? எங்கப்பன் வேல அது சார். இங்கதான், இந்த நூம்பல் பக்கம். ஊர்ல எவன் செத்தாலும் அவுருதான் குழி வெட்டணும், அவுருதான் எரிக்கணும். வரமாட்டேன்னு சொல்ல முடியாது. வயசு பதினாறுல நான் பிரஸ் கம்பெனிக்கு ஓடுனதே, அந்த மண்வெட்டிய என் கைல குடுத்துருவாங்கன்னு பயந்துகினுதான். அவ தாத்தா கூலி வேலைக்குப் போனாருன்னு சொல்லி வெச்சிக்கீறேன். இத அவளுக்குச் சொன்னதே இல்ல. எதுலேர்ந்து நான் ஓடியாந்தனோ அங்க என் பொண்ணு பரீட்ச எய்திப் போறா சார். பொணத்தாண்ட…"

உள்ளே நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். வேலுசாமி எழுந்தார். பிறகு முனியனின் தோளில் கைவைத்து எடுத்துவிட்டு, ஜெராக்ஸோடு ஓடிவந்த மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எந்தப் படிப்புக்குப் பணம் கட்டினார் என்று முனியனுக்குத் தெரியாது.

மாடிப்படியில் மதிவதனி இறங்கி வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "மேடம் கூப்புட்றாங்க" என்றாள்.

துறைத்தலைவர் அறையில் மின்விசிறி வேகமாக ஓடியது. உட்காரச் சொன்னார்கள். முனியன் உட்காரவில்லை.

"அந்த மொட்டக் கடுதாசி நான் எய்துனது மேடம். அதுல கீறதெல்லாம் பொய்யி. எம்பொண்ணு அப்பிடி இல்ல."

அந்த அம்மாள் மதிவதனியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர், "கிளாஸ்ல குடுத்தது என் தப்பு. வீட்ல இருந்து வந்திருக்கும்னு நான் யோசிக்கல," என்றார். பிறகு, "அனுப்ப உங்களுக்கு இஷ்டமா, இல்லையா? எதுவானாலும் சொல்லுங்க" என்று கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அங்க பொணத்த எடுத்துப் போட்டு, கழுவி, மூடி வெக்கிறவங்க கீறாங்க இல்ல. அவங்கள இந்தப் புள்ளைங்க இன்னான்னு கூப்புடும்?"

அந்த அம்மாளுக்குக் கேள்வி விளங்கவில்லை. முனியனே சொன்னார். "எங்கப்பன் பேரு நடேசன். அம்பது வருஷம் ஊரே அவர டேய்னுதான் கூப்புட்டுச்சு. இடுப்பொசரம் இருக்கிற பையன் வந்து, டேய், எங்க ஊட்ல சாவு, வாடான்னுவான். அவுரும் போவாரு. சாவுற வரைக்கும் குழி வெட்டுனாரு. நான் கூட நின்னுகினு பாத்துக்கீறேன்."

மதிவதனி திரும்பினாள். தாத்தாவைப் பற்றி அவள் கேட்ட முதல் உண்மை அது. கையிலிருந்த கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மொத நாளே பேரு கேட்டுப்பேன்பா" என்றாள். "அப்புறம் அண்ணான்னு கூப்புடுவேன்."

முனியன் பையிலிருந்து பாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். மடிப்பு படியவில்லை. மதிவதனி அருகில் வந்து இரண்டு விரலால் காகிதத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் வலது கையால் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.