எலி மூளையில் ஒரு சொட்டு

தாம்பரம் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட் வரிசை. எனக்கு முன்னால் நின்ற கண்ணாடிக்காரர், தனக்கு முன்னால் நின்ற நண்பரிடம் குரலைத் தாழ்த்தினார்.

“பொண்ணுக்கு அமெரிக்க வரன் வந்திருக்கு சார். பையனுக்கு மூளைக்குள்ள இருக்கிற சந்துல வேலை.”

“சந்துலயா?”

“ரெண்டு செல்லுக்கு நடுவுல துளியூண்டு இடைவெளி இருக்காம். அதைத்தான் ஆராய்ச்சி பண்றான்.”

“காலியிடத்துல என்ன சார் ஆராய்ச்சி?”

“மூளையை வெட்டி மைக்ராஸ்கோப்புல வெச்சா செல்லெல்லாம் உப்பி, சந்தே அடைஞ்சு போயிடுமாம். அதனால உயிரோட இருக்கிற எலி மூளையில உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணை ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் தள்ளி ஊசி வெச்சு, அது அங்க எவ்வளவு நேரத்துல வந்து சேருதுன்னு பார்க்கறான்.”

“இதுக்குச் சம்பளமா!”

“டாலர்ல. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இன்னும் முடிவாகல. தெரிஞ்சா எவனாவது கலைச்சு விட்டுடுவான்.”

“சேச்சே, நான் ஏன் சொல்றேன்?” என்ற நண்பர், உடனே தனக்கு முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டார்.

வரிசை நாலடிகூட நகரவில்லை. கவுண்டர் ஜன்னலருகே நின்ற பூக்காரம்மா திரும்பிக் கத்தினார்.

“கண்ணாடி சாரு! உன் மாப்ளைக்கு அமெரிக்காவுல எலி புடிக்கிற வேலையாமே? நம்ம வூட்டாண்ட ஒரே பேஜாரா கீது. வந்தா இட்டுகினு வா!”