ஒயர் இல்லாத தந்தி மிஷின்

“...ஒயரே இல்லாத மிஷினுப்பா அது. நாங்க அடிச்சுப் பழகுறதுக்குன்னு ஓரமா வச்சிருக்கு. அதுல பதில் வருது, மாப்ளே!”

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த தபால்காரர் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. பக்கத்தில் அவர் மைத்துனர். பேச்சிலிருந்து தெரிந்தது இதுதான்: அன்று திருச்சியில் தந்தி அடிக்கும் வேலைக்குப் பரீட்சை. தேறினால் வெயிலில் வீடு வீடாக அலைய வேண்டாம், நாற்காலியில் உட்காரலாம்.

“எலி கிலி ஓடியிருக்கும் மச்சான்.”

“எலி தந்தி அடிக்குமாக்கும்! ஒவ்வொருத்தன் அடிக்கிறதும் ஒரு மாதிரிடா, கையெழுத்து கணக்கா. அது என் கை. ஆனா நான் விடுற தப்பு ஒண்ணுகூட அதுல இல்ல.”

“அப்ப பாஸுதான். அக்காகிட்ட சொன்னீங்களா?”

“எங்கிட்டுச் சொல்ல? நேத்து வீட்டுக்குள்ள நுழையிறேன், ‘இப்பத்தானே சாப்பிட்டுப் படுத்தீங்க, எப்ப எந்திரிச்சு வெளிய போனீங்க’ங்கிறா ஒங்க அக்கா.”

மைத்துனர் திரும்பி அவர் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்.

கீரனூரில் பஸ் நின்றது. தபால்காரர் எழுந்து இறங்கினார்.

“பரீட்சைய, தப்பில்லாம அடிக்கிறானே, அவனே எழுதட்டும். என்னையவிட நல்லா எழுதுவான்.”

“மச்சான், வெளையாடாதீங்க, ஏறுங்க!” என்று மைத்துனர் கத்தக் கத்த பஸ் புறப்பட்டது. கீழே நின்ற தபால்காரர், தாம் விட்டு வந்த காலி ஜன்னல் சீட்டைப் பார்த்து, ஊருக்குப் போகிறவரை வழியனுப்புவதுபோல் மெதுவாகக் கையை ஆட்டினார்.