பின்னால் நகரும் இருக்கை

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள், சார். சீட்டை நகர்த்தும் சுவிட்சை யாரும் அமுக்கிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு என் பட்டறைக்கு வருவார்கள். கார் எலெக்ட்ரீஷியனான எனக்கு இருபது வருஷமாகச் சோறு போட்டது அவர்கள்தான்.

என் மனைவியின் கார் அவள் அப்பா ஓட்டியது. அவர் ஆறடி. இவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். சீட்டை முழுதாக முன்னால் கொண்டுவந்தால்தான் பெடல் எட்டும். போன வருஷம் சுவிட்ச் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, என் வண்டியக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

பார்த்தேன். உள்ளே கரி படிந்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் பத்து நிமிஷ வேலை. தேய்த்தேன், புதிது போல ஆகிவிட்டது. மூடுவதற்கு முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, ஒரு வயரைக் கழற்றி விட்டேன். "பார்ட்ஸ் கிடைக்கல, சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அவள் வீட்டில் இருந்தால் எனக்கு நிம்மதி, அவ்வளவுதான். எட்டு மாதம் அப்படியே ஓடியது. கடைக்கு, டாக்டரிடம், எல்லா இடத்துக்கும் நானே கூட்டிப்போனேன். மலைக்கு அந்தப்புறம் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு மட்டும் நேரம் அமையவில்லை. அந்த எட்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கமாட்டேன்.

நான் வெளியூர் போன ஒரு நாளில் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. "சுவிட்ச் நல்லாத்தான் இருக்கும்மா. யாரோ வேணும்னே வயரக் கழட்டி விட்டிருக்காங்க" என்று வயரை மாட்டியபடியே போட்டுக்கொடுத்துவிட்டான்.

நான் திரும்பி வந்தபோது அவள் கத்தவில்லை. "எட்டு மாசமா என்னைப் பூட்டி வச்சிருக்கீங்க. நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் காலை, "போறதுதான் போற, மலைப்பாதை. பிரேக்கையாவது பாத்துத் தர்றேன்" என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். உயிர் விஷயத்தில் விளையாடமாட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிரேக்கில் நான் கை வைக்கவில்லை. உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பிரேக் விளக்குக்குப் போகும் மின்சாரத்தில் சீட்டு மோட்டாருக்கும் ஒரு பங்கு கொடுத்தேன். பிரேக்கை மிதித்தால் சீட்டு மெல்லப் பின்னால் போகும். ஊருக்குள் விரற்கடைதான் நகரும். காலை எடுத்ததும் அவளே சரிசெய்துகொள்வாள். மலை இறக்கத்தில் காலை எடுக்க முடியாது. மிதித்திருக்கும் வரை சுவிட்சும் சொன்ன பேச்சைக் கேட்காது, அதற்கும் வழி பண்ணியிருந்தேன். பெடல் எட்டாமல் போகும் வரை சீட்டு போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வளைவுக்குக் கீழே வண்டி கிடந்தது என்றீர்கள். நான் இரண்டாவது என்று நினைத்திருந்தேன். அவள் நன்றாகத்தான் ஓட்டுவாள்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சார். எங்கள் ஊர்த் தெருக்களில் இறக்கமே கிடையாது. என்னோடு இருந்திருந்தால் அந்த வண்டியால் அவளுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.