லுவ்சானின் தோளைக் கேட்டு வந்த போன்

“ஹலோ... ஹலோ, யாரு?... அட, வாத்தியாரா! ஆடு மாடெல்லாம் கொழுத்திருக்கா?... ஆமா, நோமின்தான் பேசுறேன்... அவரா? இருக்காரு, இருக்காரு. எங்க போயிடப் போறாரு? சுவத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்காரு.”

மறுமுனையில் இருந்தவர் சோய்ஜில் வாத்தியார். ஆர்வைகேர் ஊரில் மல்யுத்தம் என்றால் அவர்தான். நோமினின் கணவன் லுவ்சான் அவருடைய செல்லச் சீடன். அவனுடைய வலது தோள் ஒருமுறை பந்தயத்தில் நழுவியது, அடுத்த முறை சட்டை போடும்போதே நழுவியது, அப்புறம் தூக்கத்தில்கூட நழுவ ஆரம்பித்தது. பனி உருகும் சமயத்தில் தலைநகரத்து டாக்டர்கள் அதைத் திறந்து இறுக்கிக் கட்டினார்கள். இப்போது அவன் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஊரவிட்டு, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். கோடையில் ஊரே கூடி மல்யுத்தம் பார்க்கும் நாதாம் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

“கை நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே... ஆமா, ஆமா... காது வரைக்கும் ஏறுது. அதுக்கு மேல போக பாஸ்போர்ட் கேக்குது... இல்ல, சிரிக்கல... சொல்லுங்க... ம்... ம்... ஓஹோ! முதல் சுத்து மட்டுமா?... சோப்ளாங்கிப் பயலா பாத்து நிறுத்துவீங்களா? அந்தச் சோப்ளாங்கி கால மட்டும் பிடிப்பானா, கையவே தொடமாட்டானா? எழுதிக் குடுத்துட்டானா?... டாக்டரு குளிர்காலம் வரைக்கும் மல்லுக்கே போகக்கூடாதுன்னு... ஆங்? அவரு மல்லு கட்டினதில்லையா? நெசந்தான். உங்களுக்கும்தான் தையல் போடத் தெரியாது...

ஊர்ப் பெருமையா? இருங்க, இருங்க. ஊர்ப் பெருமைக்கு ராத்திரி முதுகு சொறிஞ்சு விடுறது யாரு? பெல்ட்டு மாட்டி விடுறது யாரு? ஊரா?... சரி, கோவிச்சுக்காதீங்க. அவரு எப்படியும் வரமாட்டாரு... என்னது?”

நோமினின் குரல் சட்டென்று இறங்கியது.

“ஒத்துக்கிட்டாரா? எப்போ?... நேத்தா... லைன்லயே இருங்க வாத்தியாரே, வச்சிடாதீங்க.”

அவள் திரும்பினாள். லுவ்சானின் விரல்கள் சுவரில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன.

“யோவ், இங்க பாரு. நேத்து ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு போனியே, இதுக்குத்தானா?... பேசாத. ஜெயிச்சவன் கழுகாட்டம் ரெண்டு கையையும் விரிச்சு ஆடணும்ல? ஆடு. இங்கயே, எனக்கு முன்னால ஆடு பாப்போம்!”

லுவ்சான் ரோஷத்தோடு கைகளை விரித்தான். இடது கை அழகாக எழும்பியது. வலது கை, தாங்கச் சுவர் இல்லாமல், தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை ஏற்றப் பார்த்தான். மறுகணம் முகம் வெளுக்க, இடது கையால் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். எதுவும் நழுவவில்லை. ஆனால் நழுவிவிடுமோ என்ற பயம் அவன் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. நோமின் போனை மறுபடி காதில் வைத்தாள்.

“வாத்தியாரே... இருக்கீங்களா? உங்க கழுகு ஒத்தை றெக்கையில பறந்து பாத்துச்சு, இப்ப தரையில குந்தியிருக்கு... இல்ல, எலும்பு நழுவல. உயிர்தான் நழுவப் பாத்துச்சு... ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க தலைய நீங்களே சீவி எத்தன வருஷமாச்சு?... உங்க கைதான் தலைக்கு எட்டாதே! உங்க வீட்டு அக்காதான சீவி விடுறாங்க? அடிபட்டிருந்த அந்தக் கையோட உங்களை மைதானத்துல இறக்கிவிட்டது யாரு?... உங்க வாத்தியாரா? அவரும் ‘ஒரு சுத்துதான்’னு சொன்னாரா?...

ம்... ம்... ஹலோ?... கேக்குது, கேக்குது... அவரு நல்லவருதான், யாரு இல்லன்னா? நீங்களும் நல்லவருதான். நல்லவங்க கையிலதான் எங்க தோளு மாட்டிக்கிட்டு முழிக்குது!... என்ன, கூட்டம் ஏமாந்து போயிடுமா? கூட்டத்துக்கு என்ன வாத்தியாரே, எவன் விழுந்தாலும் கை தட்டும். அப்புறம் ஆட்டுக்கறி திங்கப் போயிடும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, அடுத்த தடவ இப்படி ஆள் பிடிக்கணும்னா...”

லுவ்சான் எழுந்து வந்து, இடது கையால் அவள் காதிலிருந்து போனை எடுத்தான். இந்த வருஷம் தான் மைதானத்தில் இறங்கவில்லை என்றும், நேற்று ஒத்துக்கொண்டது தன் வாய்தான், தோள் இல்லை என்றும் வாத்தியாரிடம் மெதுவாகச் சொன்னான். மறுமுனையில் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். “சரி வாத்தியாரே” என்று மட்டும் சொல்லி இணைப்பைத் துண்டித்தான்.

நோமின் இடுப்பில் கைவைத்து அவனை முறைத்தாள்.

“வச்சிட்டியா? யோவ், நான் இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கலையே!”